எந்தக் குண்டு எதுவரை போகும்

திருப்பதியிலிருந்து மதனப்பள்ளி போகும் சாலை பாகராப்பேட்டை மலைப்பாதையில் ஏறுகிறது. அதற்கு வடக்கே விரிந்து கிடப்பது சேஷாசலக் காடு. இன்று செம்மரக் கடத்தலுக்காகச் செய்தியில் அடிபடும் இந்தக் காடு, எழுபது ஆண்டுகளுக்கு முன் ஆங்கில வாசகர்களிடம் புலிக்காகப் பெயர் வாங்கியது. பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட முதல் வேட்டைக் கதைத் தொகுப்பில் சாமலா பள்ளத்தாக்கின் ஆட்கொல்லிப் புலி வருகிறது. ரேணிகுண்டா–கடப்பா ரயில் பாதையில் இருக்கும் மாமண்டூரின் புலியைப் பற்றியும் பிறகு எழுதினார். அவர் கதைகளில் நடந்தது எவ்வளவு, சேர்த்தது எவ்வளவு என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அவர் கையிலிருந்த துப்பாக்கியைப் பற்றி மட்டும் சந்தேகமில்லை: வின்செஸ்டர் கம்பெனியின் 1895ஆம் ஆண்டு மாதிரி, .405 காலிபர். அமெரிக்க அதிபராக இருந்து ஓய்வுபெற்ற தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்கு எடுத்துப்போனதும் இதே வகைதான்.

இப்போது அந்தக் காட்டில் எவரும் புலியைச் சுட முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. மனித உயிருக்கு ஆபத்து என்று மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்து மூலம் உத்தரவிட்டால் மட்டுமே, அதுவும் பிடிக்கவோ மயக்கவோ வழியில்லாதபோது மட்டுமே, துப்பாக்கி வெளியே வரலாம். அந்தக் கடைசி நிலையில் எந்தத் துப்பாக்கி? தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் இதற்கும் பதில் வைத்திருக்கிறது: .375 மேக்னத்துக்குக் குறையாதது.

ஆண்டர்சன் வைத்திருந்தது .405. ஆணையம் கேட்பது .375. எண் குறைந்திருக்கிறதே, வலுவும் குறைந்ததுதானா என்று கேட்கத் தோன்றும். இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் குண்டின் இயற்பியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

காலிபர் என்பது குழலின் உள்விட்டம். .405 என்றால் ஓர் அங்குலத்தின் ஆயிரம் பங்கில் 405 பங்கு. கணக்குப்படி அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தத் துப்பாக்கியின் குண்டை எடுத்து அளந்தால் 0.411 அங்குலம் வரும். பழைய இராணுவத் துப்பாக்கியான .303இல் போகும் குண்டு 0.311. ஆட்கொல்லிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டின் புகழ்பெற்ற .275 ரிக்பியில் போனது 0.284. குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் திருகுத் திருகாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். மேட்டுக்கு மேடு அளந்தால் ஓர் எண், பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் இன்னோர் எண். ஒரு கம்பெனி மேட்டை அளந்து பெயர் வைத்தது, இன்னொன்று பள்ளத்தை அளந்தது, வேறு சில கடையில் எது எடுப்பாகக் கேட்குமோ அதை வைத்தன. நம்மூரில் அதிகம் புழங்கும் '12 போர்' துப்பாக்கிக்கு அங்குலக் கணக்கே கிடையாது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை நுழையும் குழல் அது. கணக்குப் போட்டால் விட்டம் 18.5 மில்லிமீட்டர். எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். ஆகவே எண்ணைப் பார்த்து வலுவை எடைபோடுவது வீண் வேலை.

.405, .375 இரண்டுக்கும் வழக்கமான குண்டு ஒரே எடைதான்: 300 கிரெய்ன், அதாவது 19.4 கிராம். .405 அதை வினாடிக்கு 670 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. 1912இல் லண்டனின் ஹாலந்து அண்டு ஹாலந்து வெளியிட்ட .375 மேக்னம் 770 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், வேகத்தில் 15 விழுக்காடு கூடினாலே ஆற்றல் சுமார் 4,370 ஜூலிலிருந்து 5,770 ஜூலுக்குத் தாவிவிடுகிறது. அதைவிட முக்கியமானது வேறொன்று. எடை ஒன்றாக இருக்க, .375இன் குண்டு மெலிந்து நீண்டிருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் முகப்புக்குப் பின்னால் .405இல் 22.7 கிராம் ஈயம் நிற்கிறது என்றால் .375இல் 27 கிராம். தசையைப் பிளந்துகொண்டு உள்ளே போகும் ஆழத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த விகிதம்தான். பக்கவாட்டில் நிற்கும் புலிக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. பாய்ந்து எதிரே வரும் புலியின் நெஞ்சில் நுழைந்து, தசையும் எலும்பும் தாண்டி இதயத்தை எட்ட வேண்டும் என்றால் பெரிது.

இங்கே சினிமா கற்றுக்கொடுத்த ஒரு பொய்யை ஒதுக்கிவிட வேண்டும். குண்டு பட்டதும் மிருகம் பின்னால் தூக்கி எறியப்படும் காட்சி எல்லாப் படத்திலும் உண்டு. 19.4 கிராம் குண்டு 670 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் உந்தம் 13 அலகு. அது 150 கிலோ புலியின் உடலுக்குள் முழுதாக நின்றுவிட்டாலும் புலிக்குக் கிடைக்கும் வேகம் வினாடிக்கு 9 சென்டிமீட்டர்கூட இல்லை. அதே உந்தம் எதிர்த்திசையில் சுடுபவரின் தோளுக்கும் வருகிறது, குழல்வாயில் பீறிடும் வாயுவின் உதையோடு சேர்த்து. 4 கிலோவுக்கும் குறைவான துப்பாக்கி வினாடிக்கு 3 மீட்டருக்கு மேல் பின்னோக்கிப் பாயும். குண்டு புலியைத் தள்ளுவதைவிடத் துப்பாக்கி தன் சொந்தக்காரனைத் தள்ளுவதே அதிகம். பெரிய துப்பாக்கி வாங்கிய பலர் குறி தவறுவதற்கு இதுவே காரணம்: விசையை இழுக்கும் முன்பே தோள் உதைக்குப் பயந்து சுருங்கிவிடும்.

அப்படியானால் மிருகம் எதனால் சாகிறது? மூளையிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ பட்டால் அந்த இடத்திலேயே விழும். மற்றபடி, இதயமோ நுரையீரலோ கிழிந்து, இரத்த அழுத்தம் சரிந்து, மூளைக்கு ஆக்சிஜன் நின்றால்தான் சாவு. இதயம் சிதறிப்போன மானும் பத்துப் பதினைந்து வினாடி ஓடும். அந்தப் பத்து வினாடியில் ஒரு புலி 100 மீட்டரைக் கடந்துவிடும். காலிபர், வேகம், குண்டின் வகை எல்லாம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: குண்டு அந்த இடத்தை எட்டுமா, எட்டியபின் போதுமான கிழிசலை உண்டாக்குமா?

குண்டின் வகையைப் பற்றிய பேச்சில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. 1890களில் எல்லைப்புறப் போர்களில் பிரிட்டிஷ் படையின் புதிய .303 குண்டுகள் எதிரியின் உடலை ஊசி போல் துளைத்துப் போய்விடுகின்றன, ஆள் நிற்காமல் வருகிறான் என்று புகார் எழுந்தது. கல்கத்தாவை அடுத்த தம்தம் ஆயுதசாலையில், குண்டின் நுனியில் செம்பு-நிக்கல் உறையை நீக்கி ஈயத்தை வெளியே விட்டார்கள். உடலில் பட்டதும் ஈயம் விரிந்து அகன்று பெரிய காயம் செய்தது. உலகமே அதை 'டம் டம்' குண்டு என்று அழைத்தது. 1899 ஹேக் மாநாடு போரில் அதைத் தடைசெய்தது. போரில் கொடுமை என்று விலக்கியதை வேட்டையில் கட்டாயம் என்கிறார்கள். முழு உறை போட்ட குண்டால் சுடப்பட்ட மான் சின்ன ஓட்டையோடு இரண்டு நாள் அலைந்து சாகும். நுனி விரியும் குண்டு ஒரு நிமிடத்துக்குள் வேலையை முடிக்கும். பல நாடுகளில் வேட்டைச் சட்டமே விரியும் குண்டைத்தான் பயன்படுத்தச் சொல்கிறது.

யானைக்கு மட்டும் கதை தலைகீழ். மூளைக்கு முன்னால் தேன்கூடு போன்ற எலும்புச் சுவர் அடி கணக்கில் இருக்கும்போது, விரியும் குண்டு நடுவழியிலேயே நின்றுவிடும். அதற்கு விரியாத, கெட்டியான குண்டு வேண்டும். டபிள்யூ. டி. எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றில் பெரும்பகுதியைச் சாய்த்தது 7 மில்லிமீட்டர் துப்பாக்கி, கார்பெட்டின் ரிக்பியில் போடும் அதே தோட்டா வகை. பெல் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். தந்தத்துக்காக அத்தனை யானைகளைக் கொன்றவரை நான் மெச்ச மாட்டேன். ஆனால் உடற்கூறு தெரிந்தவனுக்குச் சின்னக் குழல் போதும் என்பதற்கு அவரைவிட வலுவான சாட்சி கிடையாது. 1926இல் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையைக் கார்பெட் வீழ்த்தியதும் அந்த .275 ரிக்பியால்தான்.

இதெல்லாம் துப்பாக்கியைத் தானே தேர்ந்தெடுக்க முடிந்தவர்களின் கதை. இந்தியாவில் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தது சட்டம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யானைக்கும் புலிக்கும் பேர்போனது .450 வகை. மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய இராணுவத் துப்பாக்கிக்கும் குண்டு .450தான். அவற்றில் பல எல்லைப்புறப் பழங்குடிகளின் கைக்குப் போயிருந்தன. வேட்டைத் தோட்டாவை உடைத்துக் குண்டை எடுத்துப் பயன்படுத்துவார்கள் என்ற பயத்தில், .450 வகையை இந்தியாவுக்குள் கொண்டுவர அரசு தடை போட்டது. லண்டன் கம்பெனிகள் சோர்ந்துபோகவில்லை. .465, .470, .475 என்று வரிசையாகப் புது எண்களை இறக்கின. .470இன் குண்டு 32 கிராம், வேகம் வினாடிக்கு 655 மீட்டர், ஆற்றல் ஏறக்குறைய 7,000 ஜூல். .450க்கும் இதற்கும் மிருகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. சுங்க அதிகாரியின் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் உண்டு. இன்று உலகம் முழுவதும் பெரிய மிருக வேட்டைக்காரர்கள் கொண்டாடும் .470, இந்தியச் சட்டத்தைச் சுற்றிப்போகப் பிறந்த எண்.

.303க்கும் இதே கதிதான். இராணுவத் தோட்டா குடிமக்களிடம் இருக்கக் கூடாது என்பதால், ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிச்சர் தோட்டாவை வைத்து .315 துப்பாக்கிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. விடுதலைக்குப் பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை .315 செய்தது, உரிமம் பெற்ற இந்தியர் ரைஃபிள் என்றால் பெரும்பாலும் அதைத்தான் அறிவார். 15.8 கிராம் எடையுள்ள தடித்த குண்டு, வினாடிக்கு 600 மீட்டருக்கு மேல் வேகம். நடுத்தர தூரத்தில் காட்டுப்பன்றிக்கும் கடமானுக்கும் அளவானது. யாரும் அந்த விலங்குகளை எண்ணி அதை வடிவமைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

விவசாயிக்கு எது? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படித்தால் தெரியும். பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால் 20 அங்குலத்துக்குக் குறையாத, திருகு இல்லாத வழுவழுப்புக் குழல் துப்பாக்கி. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் முன்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அதாவது, சிற்றரசர்கள் காலத்துத் தொழில்நுட்பத்தை வேர்க்கடலைக் கொல்லைக்காரருக்குச் சட்டமே ஒதுக்கியிருக்கிறது.

சித்தூர், பலமநேர், குப்பம், இந்தப் பக்கம் குடியாத்தம், பேரணாம்பட்டு எல்லாம் ஒரே காட்டு விளிம்பு. பன்றிக்கு மாநில எல்லை கிடையாது. இரவில் கூட்டமாக வந்து வேர்க்கடலைச் செடியைக் கிளறி, கரும்பை உடைத்துப் போகிறது. வளர்ந்த ஆண் பன்றியின் தோளில், சண்டையில் எதிரியின் கோரைப்பல்லைத் தாங்குவதற்கென்றே, தோலுக்கடியில் தடித்த கவசம் இருக்கிறது. அதை நோக்கி 12 போர் துப்பாக்கியில் எஸ்.ஜி. தோட்டாவைப் போட்டுச் சுட்டால் என்ன ஆகும்?

ஓர் எஸ்.ஜி. தோட்டாவில் 9 ரவைகள், ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர் தடிமன், 3.5 கிராம் எடை. குழலை விட்டதும் அவை விரியத் தொடங்கும். தோராயமாக, மீட்டருக்கு 2.5 சென்டிமீட்டர். 15 மீட்டரில் ஒன்றேகால் அடி வட்டம். அதில் நான்கைந்து ரவை பன்றியின் நெஞ்சுக்குழியை எட்டும். 40 மீட்டரில் வட்டம் ஒரு மீட்டர் அகலம். பன்றியின் உயிர்நிலை கால் மீட்டர் வட்டம்தான். பரப்பளவை வகுத்துப் பார்த்தால் சராசரிக்கு ஒரு ரவைகூட அங்கே போகாது. மீதி எல்லாம் குடலிலும் தொடையிலும். உருண்டை வடிவம் காற்றில் வேகத்தை விரைவாக இழப்பதால் போய்ச் சேர்வதும் கவசத்தைத் தாண்டத் திணறும். ஓடிப்போன அந்தப் பன்றி மறுநாள் எந்தப் புதரில் இருக்கிறது என்று தெரியாமல் புல்லறுக்கப் போகும் பெண்ணுக்கு அது புலிக்கு நிகர். நாட்டுத்துப்பாக்கியில் ஆணியும் இரும்புத் துண்டும் அடைத்துச் சுட்டால் நிலைமை இன்னும் மோசம். 1907இல் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலியின் கணக்கில் 436 மனித உயிர்கள். அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை அது, அதனால்தான் இயல்பான இரையை அதனால் பிடிக்க முடியவில்லை என்று கார்பெட் எழுதினார்.

அப்படியென்றால் விவசாயிக்கு .315 கொடுத்துவிடலாமே? இங்கேதான் சிக்கல். ஈய உருண்டை அதிகபட்சம் எவ்வளவு தூரம் பறக்கும் என்பதற்கு ஷூர்னே என்ற பிரெஞ்சு இராணுவ அதிகாரியின் பெயரில் ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது: அங்குலத்தில் விட்டத்தை 2,200ஆல் பெருக்கினால் கெஜத்தில் தூரம். எஸ்.ஜி. ரவைக்கு 660 மீட்டர் சொச்சம் வரும். சின்ன .22 குண்டே சரியான கோணத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் போகும். பெரிய ரைஃபிள் குண்டு 3 கிலோமீட்டரைத் தாண்டும். சித்தூர் மாவட்டத்தில் எந்தக் கொல்லையிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் 3 கிலோமீட்டருக்குள் ஓர் ஊர் இருக்கும். அதோடு அது பாறை பூமி. கருங்கல்லில் பட்ட குண்டு எந்தத் திசையில் தெறிக்கும் என்று எவரும் சொல்ல முடியாது. பக்கத்து ஊர்க்காரனுக்குப் பாதுகாப்பான துப்பாக்கி பன்றியைக் காயப்படுத்தி அனுப்புகிறது. பன்றியைச் சுத்தமாகக் கொல்லும் துப்பாக்கி பக்கத்து ஊர்க்காரனுக்கு ஆபத்து. மேலிருந்து கீழ்நோக்கி, மண் மேட்டைப் பின்னணியாக வைத்து, 20 மீட்டருக்குள் பரணிலிருந்து சுட்டால் இரண்டையும் ஒருவாறு சமாளிக்கலாம். அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். கொல்லைக்காரர் கையில் துப்பாக்கி கொடுத்தால் போதாது.

கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களிடம் அதிகாரத்தைக் கொடுத்து, உரிமம் உள்ளவர்களைக் கொண்டு பன்றியைச் சுடலாம் என்றது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழி எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். மேலே போட்ட கணக்கைப் பார்த்தவர்களுக்குத் தமிழ்நாட்டின் வழி புத்திசாலித்தனமாகப் படும், எனக்கும் படுகிறது. ஆனால் நள்ளிரவில் வரும் பன்றிக்கு வனக்காவலர் எப்போது வந்து சேர்வார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் திருட்டு மின்வேலி நுழைகிறது. பன்றிக்குப் போட்ட கம்பியில் யானையும் சாகிறது, தண்ணீர் பாய்ச்சப் போன மனிதனும் சாகிறான். எந்தக் காலிபரும் அவ்வளவு கண்மூடித்தனமானது இல்லை.

திருமலையில் நிலைமை வேறு. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. பக்தர்களுக்குத் தேவஸ்தானம் கைத்தடி கொடுத்ததைப் பலர் கேலி செய்தார்கள். வனத்துறை கேமராவையும் கூண்டையும் வைத்து அடுத்தடுத்துச் சிறுத்தைகளைப் பிடித்தது. தோட்டா தேவைப்படவில்லை. மயக்க ஊசித் துப்பாக்கியே ஏன் முதல் கருவியாக இருக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு இயற்பியலில் பதில் இருக்கிறது.

மயக்க ஊசித் துப்பாக்கியில் காலிபர் என்பது மருந்தின் அளவுக்கான பாத்திரம். 11 மில்லிமீட்டர், 13 மில்லிமீட்டர் குழல்கள் புழக்கத்தில் உள்ளன. பெரிய விலங்குக்கு அதிக மருந்து, எனவே பருத்த ஊசி. அது மிருகத்தைத் துளைத்துவிடக் கூடாது, எலும்பை உடைக்கக் கூடாது. தொடைத் தசையில் பதிந்து நின்று மருந்தைத் தள்ள வேண்டும். அதனால் வாயு அழுத்தத்தைத் தூரத்துக்கேற்ப மாற்றி, வினாடிக்கு 60 மீட்டர் அளவில்தான் எய்கிறார்கள். 30 மீட்டர் போக அரை வினாடி. அந்த அரை வினாடியில் ஊசி ஒன்றேகால் மீட்டர் கீழே இறங்கிவிடும். ஆண்டர்சனின் .405 குண்டு அதே தூரத்தில் ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும். தூரத்தை 5 மீட்டர் தவறாக மதிப்பிட்டால் ரைஃபிளுக்கு ஒன்றும் ஆகாது, ஊசி மண்ணைக் குத்தும். சரியாகப் பட்டாலும் மருந்து ஏற ஐந்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். அதற்குள் சிறுத்தை படிக்கட்டுக் கூட்டத்துக்குள் ஓடலாம், பள்ளத்தில் மயங்கி விழலாம். கூண்டில் அகப்பட்டபின் அருகிலிருந்து ஊசி போடுவதே மேல்.

பலமநேர் பக்கம் கௌண்டின்ய சரணாலயத்து யானைகளுக்கு அந்த வசதி கிடையாது. தூரத்திலிருந்துதான் ஊசி எய்ய வேண்டும். யானைக்கென்று உலகெங்கும் பெயர்பெற்ற மருந்து எட்டார்ஃபின். மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியம், நான்கைந்து டன் உடலுக்குச் சில மில்லிகிராம் போதும். கை நழுவி அது மனிதத் தோலில் குத்தினால், கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தால், மூச்சு நிற்க நிமிடக் கணக்குதான். அதைக் கையாளும் கால்நடை மருத்துவர் கையுறை போடாமல் புட்டியைத் தொடுவதில்லை, தனியாகவும் போவதில்லை. மனிதருக்கான மாற்று மருந்தை முதலில் எடுத்து உதவியாளரிடம் கொடுத்து, எங்கே எப்படிப் போட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிவிட்டு, பிறகுதான் ஊசியில் யானைக்கான மருந்தை நிரப்பத் தொடங்குகிறார்.